கடலோரத்துக் கிடாருக்குச் சிங்கிள் காயில் பிக்கப் தேர்ந்தெடுக்கும் முறை

செய்யூர் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி 2010-இல் சுவர்ணபூமி இசை அகாடமி தொடங்கியபோது அதன் தலைவராகப் பொறுப்பேற்றவர் கிடார் பிரசன்னா. ராணிப்பேட்டைக்காரர், சென்னை ஐஐடியில் கப்பல் பொறியியல் படித்தவர், எலெக்ட்ரிக் கிடாரில் கமகம் குறையாமல் கர்நாடக இசை வாசிக்கிறவர். அங்கிருந்து கரையோரமாகவே வடக்கே வந்தால் கல்பாக்கம், மாமல்லபுரம், கோவளம். மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. கோவளத்தில் அலைச்சறுக்கையும் மேடை இசையையும் சேர்த்தே விழா நடத்தியிருக்கிறார்கள். உள்ளே செங்கல்பட்டுப் பக்கம் திரும்பினால் தேவாலய ஆராதனைக் குழுக்கள், மெல்லிசைக் குழுக்கள், கல்லூரி பேண்டுகள். எலெக்ட்ரிக் கிடார் இந்த வட்டாரத்தில் இப்போது அபூர்வப் பொருள் இல்லை.

இங்கே பலர் கையில் இருப்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியில் செய்த, மூன்று சிங்கிள் காயில் பிக்கப் கொண்ட, நடுத்தர விலைக் கிடார். வாங்கி ஓரிரு வருடம் ஆனதும் "பிக்கப்பை மாத்தினா சவுண்டே மாறிடும்" என்று யாராவது சொல்வார்கள். சொல்வது உண்மைதான், மாறும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் ஓம் எண்ணையும் கம்பெனிப் பெயரையும் மட்டும் பார்த்து வாங்கினால், மாறிய சத்தம் நமக்கு வேண்டிய சத்தமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நான் வலியுறுத்துவது ஒரு வரிசையை: முதலில் வாசிக்கும் அறை, அடுத்து கையில் உள்ள கிடார், அதற்கடுத்து உங்கள் கை, கடைசியில் பிக்கப்பின் பெயர். அந்த வரிசையிலேயே போவோம்.

உள்ளே என்ன இருக்கிறது

சிங்கிள் காயிலைக் கழற்றிப் பார்த்தால் அமைப்பு எளிமையானது. இரண்டு மெல்லிய ஃபைபர் தகடுகள், அவற்றுக்கு நடுவே தந்திக்கு ஒன்றாக ஆறு காந்தக் குச்சிகள், அந்தக் குச்சிகளைச் சுற்றிப் பூச்சு போட்ட செப்புக் கம்பி. கம்பியின் கனம் ஏறத்தாழ 0.063 மி.மீ., தலைமுடியைப் போல மெல்லியது. ஒரு காயிலில் எட்டாயிரம் சுற்று அளவுக்கு இருக்கும். நீட்டினால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும்.

காந்தம் மேலே உள்ள எஃகுத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது காயிலுக்குள் காந்தப் புலம் ஏறி இறங்குகிறது, கம்பியில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. அதுதான் ஆம்ப்புக்குப் போகும் சிக்னல். ஆகவே நைலான் தந்திக்கு இந்தப் பிக்கப் ஊமை.

இந்த வழி அமெரிக்காவில் 1930-களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் கிடாரில் வந்தது. லியோ ஃபெண்டர் 1950-இல் டெலிகாஸ்டரின் முன்னோடியையும் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் கொண்டுவந்தார். இன்று நாம் மாற்றப் பார்க்கும் பிக்கப் பெரும்பாலும் அந்த 1954 வடிவத்தின் வாரிசுதான்.

படி 1: அறையைச் சோதியுங்கள்

பிக்கப்பை மாற்ற நினைப்பவர்கள் அதிகம் சொல்லும் குறை இரைச்சல். அது இரண்டு வகை. "ம்ம்" என்று அடித்தொண்டையில் வருவது ஒன்று, "ஸ்ர்ர்" என்று கூராக வருவது மற்றொன்று. முதலாவது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப் புலம் காயிலில் நேராக நுழைவது. அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ், ஆறாவது தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் 98 ஹெர்ட்ஸுக்கு ஒட்டியே இருப்பதால் பாட்டோடு மோதும். இரண்டாவது வகை, மின் அலையை வெட்டி அனுப்பும் கருவிகளால் வருவது.

சோதனை இப்படி. ஆம்ப்பைப் போட்டு, வால்யூமைத் திறந்து, கிடாரை மடியில் வையுங்கள். மின்விசிறியின் ரெகுலேட்டரைப் பாதியில் வையுங்கள், பிறகு முழுவேகத்துக்குத் திருப்புங்கள். சீராகச் சுழலும் குமிழ் வகை ரெகுலேட்டர் பாதியில் அலையை வெட்டுகிறது, முழுவேகத்தில் ஏறக்குறைய வெட்டுவதில்லை. "ஸ்ர்ர்" அப்போதே குறைந்தால் குற்றவாளி சுவரில் இருக்கிறது. படிப்படியாக "டக், டக்" என்று திரும்பும் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டரை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டால், பிக்கப்புக்கான பணத்தில் சிறு பங்கிலேயே பிரச்சினை தீரும். எல்.இ.டி. விளக்கு, லேப்டாப் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் சத்தம் கூடுகிறதென்றால் அதுவும் விடைதான்.

பிறகு எழுந்து நின்று கிடாரோடு மெல்லச் சுற்றித் திரும்புங்கள். ஏதாவது ஒரு திசையில் "ம்ம்" அடங்கும். காயில் அந்தப் புலத்துக்குப் பக்கவாட்டில் வரும் இடம் அது. சிங்கிள் காயிலின் இயல்பே இதுதான்; எந்த விலை கொடுத்து வாங்கிய சாதாரணச் சிங்கிள் காயிலிலும் இது இருக்கும்.

இதே படியில் எர்த்தையும் பார்த்துவிடுங்கள். கிடாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தவை. ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்தோ, இரண்டு பின் அடாப்டரில் செருகியோ வாசிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். ஆம்ப்பில் கசிவு ஏற்பட்டால் மின்சாரம் போக உங்கள் உடம்புதான் வழியாகும். ஈர மணலில், ஜெனரேட்டரில் ஓடும் கடற்கரை மேடையில் இந்த ஆபத்து பல மடங்கு. மேடை அமைப்பாளரிடம் எர்த்தும் கசிவுத் தடுப்பு டிரிப்பரும் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். உயிருக்கு மிஞ்சிய டோன் கிடையாது.

படி 2: இருக்கும் பிக்கப்புக்கு ஒரு வாய்ப்பு

புதுத் தந்தி போடுங்கள். கடற்காற்றில் தந்தி சீக்கிரம் துருவேறி மங்கும். அந்த மங்கலுக்குப் பிக்கப் பழி சுமக்கும். நல்ல கேபிளில் செருகிப் பாருங்கள்.

அடுத்து உயரம். ஆறாவது தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் காந்தத்தின் தலைக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். பழைய பாணிச் சிங்கிள் காயிலுக்கு அந்தப் பக்கம் 2.4 மி.மீ., முதல் தந்தியின் பக்கம் 2 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். பக்கத்தில் உள்ள இரண்டு ஸ்க்ரூக்களைத் திருப்பினால் போதும். பிக்கப் மிகவும் மேலே இருந்தால் காந்தம் தந்தியை இழுக்கும். மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி தள்ளாடும், ஒரே தந்தியில் இரண்டு சுரம் கேட்பதுபோல் அலையும். சுருதி சரியில்லை என்று பழுது பார்க்கக் கொடுக்கப்படும் சில கிடார்களுக்குத் தேவைப்படுவது இந்த ஸ்க்ரூவை இரண்டு சுற்று இறக்குவது மட்டுமே.

இவ்வளவும் செய்து ஒரு வாரம் வாசியுங்கள். குறை அப்படியே நின்றால் அதை ஒரே வரியில் எழுதுங்கள்: "பிரிட்ஜ் பிக்கப் காதைக் குத்துகிறது", "நெக் பிக்கப் மூடிப்போட்டதுபோல் இருக்கிறது", "சர்ச்சில் பாட்டு ஓய்ந்ததும் ம்ம் கேட்கிறது". இந்த ஒரு வரி இல்லாமல் கடைக்குப் போகக் கூடாது.

படி 3: கிடாரைத் திறந்து அளங்கள்

தந்திகளைத் தளர்த்திக் கழற்றி, முகப்புத் தகடான பிக்கார்டைத் திறந்து கவிழ்த்து வையுங்கள். எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, காந்தம். பிக்கப்பின் அடியில் கறுப்பாக ஒரு பட்டைக் காந்தம் ஒட்டியிருந்தால் அது செராமிக். மேலே தெரியும் குச்சிகள் வெறும் இரும்பு. அடித்தகட்டில் ஆறு குச்சிகளின் முனை மட்டும் தெரிந்தால் குச்சிகளே காந்தம், பெரும்பாலும் அல்னிகோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த இரும்புக் கலவை என்பதால் அந்தப் பெயர்.

இரண்டாவது, இடைவெளி. முதல் குச்சியின் நடுவிலிருந்து ஆறாவது குச்சியின் நடுவுக்கு ஸ்கேலால் அளங்கள். 50 மி.மீ., 52 மி.மீ. இரண்டும் சந்தையில் உண்டு. பிரிட்ஜில் தந்திகள் எவ்வளவு அகலத்தில் ஓடுகின்றன என்பதோடு இது பொருந்த வேண்டும். அகலம் மாறினால் பழைய பிளாஸ்டிக் மூடியும் புதுப் பிக்கப்பில் ஏறாது.

மூன்றாவது, ஆழம். உடலைக் குடைந்த பள்ளத்தில் புதுப் பிக்கப் இறங்குமா என்று பாருங்கள். அடியில் பட்டைக் காந்தமோ இரட்டை அடுக்குக் காயிலோ உள்ளவை அதிக ஆழம் கேட்கும்.

நான்காவது, பாட். வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் உள்ள மாறுமின்தடைகள்தான் பாட்டுகள்; அவற்றின் முதுகில் எண் இருக்கும். சிங்கிள் காயிலுக்கு வழக்கமானது 250 கிலோ ஓம். 500 போட்டிருந்தால் கிடார் கூடுதல் கூர்மையாகத்தான் ஒலிக்கும். காதைக் குத்துவதுதான் உங்கள் குறை என்றால், பிக்கப்புக்கு முன் இந்தப் பாட்டை மாற்றிப் பார்ப்பது அறிவு.

மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு காயிலின் ஓமையும் குறித்துக்கொள்ளுங்கள். காயில் மின்சுற்றோடு இணைந்திருக்கும்போது பாட்டும் சேர்ந்து அளக்கப்படும் என்பதால், பிக்கப்பின் ஒரு ஒயரைப் பிரித்துவிட்டு அளப்பதே சரி. மீட்டர் எதுவுமே காட்டவில்லையென்றால் கம்பி உள்ளே அறுந்துவிட்டது.

படி 4: எண்ணைப் படிக்கும் விதம்

ஸ்ட்ராட் பாணிப் பிக்கப்பின் ஓம் பெரும்பாலும் 5.5 முதல் 6.5 கிலோ ஓமுக்குள் இருக்கும். "ஏழு ஓம் பிக்கப் ஆறு ஓமைவிடப் பவர்" என்ற பேச்சு நம்மிடம் பரவலாக இருக்கிறது. ஓம் என்பது கம்பியின் நீளத்தையும் கனத்தையும் மட்டும் சொல்லும். அதே சுற்றை மெல்லிய கம்பியில் சுற்றினாலும் ஓம் ஏறும். சத்தம் அதற்கேற்ப ஏறாது.

வெயிலும் இந்த எண்ணை மாற்றும். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 6.0 கிலோ ஓம் என்று அளந்த காயில், செங்கல்பட்டின் மே மாத மதியத்தில் 35 டிகிரி அறையில் 6.35 காட்டும். அட்டையில் போட்ட எண்ணோடு ஒத்துவரவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காதுக்கு நெருக்கமான எண் இண்டக்டன்ஸ். நல்ல தயாரிப்பாளர்கள் அதை ஹென்றி அளவில் தருகிறார்கள். பிக்கப்பின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணை மட்டும் தூக்கிக் காட்டும். அதற்கு மேலுள்ளவை விழுந்துவிடும். கிடாரின் குரல் எங்கே பளிச்சிடுகிறது என்பதைத் தீர்மானிப்பது அந்த மேடு. கேபிளும் மற்றவையும் சேர்ந்து 600 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 2.4 ஹென்றி காயிலுக்கு மேடு 4,200 ஹெர்ட்ஸ் அருகே விழும். 3.5 ஹென்றி என்றால் 3,500-க்கு இறங்கிவிடும். முன்னது கண்ணாடி மணிபோல் தெளியும், பின்னது தடித்து முன்னே வரும். கேபிளின் கெபாசிட்டன்ஸ் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவில் இருப்பதால், மூன்று மீட்டர் கேபிளிலிருந்து ஆறு மீட்டருக்கு மாறினாலே அதே பிக்கப் மங்கலாகக் கேட்கும். மேடைக்கு நீளக் கேபிள் எடுத்துப் போகிறவர் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

காந்த வகையில் அல்னிகோ 5 வலுவானது. அடித்ததும் பட்டென்று பதில் சொல்லும், மேல்தளம் (டிரெபிள்) தெளிவு. அல்னிகோ 2, 3 இரண்டும் வலு குறைந்தவை. தந்தியைக் குறைவாக இழுப்பதால் சுரம் இயல்பாக நீளும், கூர்மை மழுங்கி இதமாகும். இரும்புக் குச்சியும் செராமிக் பட்டையும் கொண்டவை இண்டக்டன்ஸ் கூடியவை. நடுத்தளம் தூக்கலாக, சற்றுக் கரடாக வரும். உடைந்த டிஸ்டார்ஷன் வாசிப்பவருக்கு அதுவே பிடித்தும் போகலாம்.

பிரிட்ஜ் அருகே தந்தியின் ஆட்டம் குறைவு. அதனால் அங்கே வைக்கும் பிக்கப்பில் சுற்று சற்றுக் கூட்டியிருப்பது நல்லது. மூன்றும் ஒரே மாதிரி உள்ள செட்டை வாங்கினால் பிரிட்ஜ் மெலிந்து கேட்கும். உயரத்தை வைத்து ஓரளவுதான் சரிக்கட்ட முடியும்.

படி 5: உங்கள் கைக்கும் பாட்டுக்கும் பொருத்துங்கள்

சர்ச்சில் ஆராதனைக்கு வாசிப்பவர் டிலேயும் ரிவெர்ப்பும் போட்டு நீண்ட ஸ்வெல் வாசிக்கிறார். ஜெபம் நடக்கும்போது மௌனத்தில் "ம்ம்" கேட்கக் கூடாது. அவருக்கு இரைச்சல் நீக்கும் சிங்கிள் காயில் பொருந்தும். அதே அளவு கூட்டுக்குள் இரண்டு காயில்களை ஒன்றன்மேல் ஒன்றாகவோ பக்கத்தில் பக்கமாகவோ வைத்து, இரண்டிலும் நுழையும் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும்படி செய்திருப்பார்கள். மேல்தளத்தின் காற்றோட்டம் கொஞ்சம் குறையும். அந்த விலையைத் தெரிந்தே கொடுக்க வேண்டும்.

மெல்லிசைக் குழுவில் எண்பதுகளின் திரைப்பாடல் வாசிப்பவருக்குச் சுத்தமான, நடுத்தரச் சுற்றுள்ள அல்னிகோ 5 செட் நம்பகமானது. கீபோர்டும் தபேலாவும் பாடகரும் நிறைந்த மேடையில் தெளிவுதான் கிடாரை வெளியே காட்டும்.

அலைச்சறுக்குப் பாட்டு வாசிக்க ஆசைப்படுபவருக்கு வரலாறே வழிகாட்டும். கலிஃபோர்னியாவில் 1960-களின் தொடக்கத்தில் அந்த இசையை உருவாக்கிய டிக் டேல் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தடித்த தந்தி மாட்டி, பிக் வேகமாக ஓட வாசித்தார். அந்தப் பாணிக்குக் குறைந்த இண்டக்டன்ஸ், தெறிக்கும் மேல்தளம், நிறைய ஸ்பிரிங் ரிவெர்ப் வேண்டும். சுற்றுக் கூட்டிய பிக்கப் அங்கே உதவாது.

கர்நாடக இசைக்காரருக்குக் கேள்வி வேறு. கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அது தன் காந்தக் குச்சியை விட்டு விலகுகிறது. 52 மி.மீ. அகலத்தில் ஆறு குச்சிகள் என்றால் ஒரு குச்சிக்கும் அடுத்ததற்கும் 10.4 மி.மீ. தூரம். இழுப்பின் உச்சியில் தந்தி அந்த இடைவெளிக்குள் போனால் சத்தம் சற்றுச் சரியும். தந்தி பிரிட்ஜில் நிலையாக ஊன்றியிருப்பதால் பிரிட்ஜ் பிக்கப்பின் மேல் விலகல் குறைவு, நெக் பிக்கப்பின் மேல் அதிகம். ஆகவே நீண்ட இழுப்பு வாசிப்பவர் நெக்கிலாவது குச்சிகளுக்குப் பதில் ஒரே பட்டையாக ஓடும் பிளேடு வகையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். தந்தி எங்கே நகர்ந்தாலும் அடியில் காந்தப் புலம் இருக்கும். எலெக்ட்ரிக் மேண்டலினில் இரட்டைத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் வைத்துக் கர்நாடக இசையை உலக மேடைக்குக் கொண்டுபோனார் யு. சீனிவாஸ். அப்படித் தந்தி எண்ணிக்கையும் இடைவெளியும் மாறும் கருவிகளுக்கும் குச்சிக் கணக்கில்லாத பிளேடு வசதி.

குச்சிகளின் உயரத்தையும் பாருங்கள். பழைய பாணிப் பிக்கப்பில் மூன்றாவது தந்தியின் குச்சி தூக்கி நிற்கும். அந்தக் காலத்தில் அந்தத் தந்தி சுற்றுக்கம்பி போட்ட தடித் தந்தி. இன்றைய மெல்லிய வெறுந்தந்திக்கு அந்த உயரம் மிகை, மூன்றாவது தந்தி மட்டும் கத்தும். இன்றைய தந்தி மாட்டுபவர் சமமான குச்சிகளையோ இதற்கென மாற்றிய உயரங்களையோ கேளுங்கள். மாட்டிய காந்தக் குச்சியைச் சுத்தியலால் தட்டி இறக்கப் பார்க்கக் கூடாது. கம்பி குச்சியோடு ஒட்டியே சுற்றப்பட்டிருக்கிறது, அறுந்துவிடும்.

படி 6: உப்புக் காற்றை மனதில் வையுங்கள்

மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் வீட்டு ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் பொரிந்துபோகிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அல்னிகோவிலும் இரும்பு இருக்கிறது, துருப்பிடிக்கும். குச்சியின் துரு ஒட்டியிருக்கும் உள்சுற்றுக் கம்பியின் பூச்சைத் தின்று, ஒரு நாள் காயில் ஊமையாகிவிடும். வியர்வை இதை வேகப்படுத்தும்.

கடலோரத்தில் வாசிப்பவர் கடைக்காரரிடமோ தயாரிப்பாளரிடமோ இரண்டு கேள்வி கேட்க வேண்டும். சுற்றுவதற்கு முன் குச்சிகளுக்கு லேக்கர் பூசியிருக்கிறதா? சுற்றிய பிறகு காயிலை மெழுகில் முக்கி எடுத்திருக்கிறதா? மெழுகு, ஆம்ப் உரக்க வைக்கும்போது வரும் கீச்சொலியையும் அடக்கும், ஈரத்தையும் தடுக்கும். குச்சிகளையும் மூடும் பிளாஸ்டிக் கவர் கொண்ட பிக்கப் இங்கே கூடுதல் நன்மை. வாசித்து முடித்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு பெட்டியில் வைப்பது பிக்கப்பின் ஆயுளை நீட்டும்.

அறுந்த காயிலைத் திரும்பச் சுற்ற நினைத்து உள்ளூர் மோட்டார் வைண்டிங் கடையில் கம்பி கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிடார் நூல்களில் "42-ஆம் நம்பர்" என்று சொல்வது அமெரிக்கக் கணக்கு. நம் வைண்டிங் கடைகளில் புழங்கும் பிரிட்டிஷ் கணக்கில் 42 என்பது 0.1 மி.மீ. கம்பி, மிகவும் தடி. கிட்டத்தட்டச் சமமானது அங்கே 46-ஆம் நம்பர். மில்லிமீட்டரில் சொல்லிக் கேட்பதே குழப்பமில்லாதது.

படி 7: செட்டா, தனித்தனியா

மூன்றையும் ஒரே செட்டாக வாங்கினால், நடுப் பிக்கப் காந்தமும் சுற்றும் தலைகீழாக இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் ஸ்விட்ச்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரண்டு பிக்கப் சேரும்போது "ம்ம்" அடங்கிவிடும், பாட்டின் சத்தம் மட்டும் கூடும். சாதாரணச் சிங்கிள் காயிலின் குரலும் வேண்டும், அமைதியும் வேண்டும் என்பவருக்கு இது நல்ல நடுவழி.

ஒன்றை மட்டும் மாற்றுபவர் பழையவற்றின் காந்தத் திசையைப் பள்ளிப் பிள்ளைகளின் திசைகாட்டியால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முள்ளின் எந்த முனை ஒட்டுகிறது என்பதே விடை. சேர்ந்து ஒலிக்கும்போது சத்தம் ஒல்லியாக, வயிறு இல்லாமல் கேட்டால் இரண்டும் எதிரெதிர் கட்டத்தில் இருக்கின்றன. புதுப் பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகும். ஆனால் "ம்ம்" அடங்க வேண்டுமென்றால் காந்தமும் எதிர்த்திசையில் இருந்தாக வேண்டும்.

வாங்கும் இடத்துக்கு வருவோம். சென்னை அண்ணா சாலையில் 1842-இலிருந்து வரும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் வெவ்வேறு பிக்கப் கொண்ட கிடார்களை ஒரே ஆம்ப்பில் வாசித்துப் பார்க்கலாம். இணையத்தில் கேட்கும் மாதிரி ஒலியைவிட அந்த அரை மணி நேரம் அதிகம் சொல்லித்தரும். பாட், கெபாசிட்டர், ஒயர், ஈயம் எல்லாவற்றுக்கும் ரிச்சி தெரு. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் பூங்கா நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர் சுங்க வரியைச் சேர்த்த விலையோடு உள்ளூர் விலையை ஒப்பிட வேண்டும்.

படி 8: மாட்டுதல்

முதலில் மின்விசிறியை அணையுங்கள். காற்று பட்டால் ஈயம் சரியாக இளகுவதற்கு முன்பே ஆறி, இணைப்பு மேலோட்டமாக ஒட்டிக்கொள்ளும். புகை போக ஜன்னல் திறந்திருக்கட்டும். நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். திறந்த காயிலின் மேல் விழும் ஒரு சொட்டு வியர்வை உப்பு நீர்.

30 அல்லது 40 வாட் சால்டரிங் அயர்ன் போதும். ஸ்க்ரூ டிரைவரைப் பிக்கப்பின் அருகே கொண்டுபோகும்போது காந்தம் வெடுக்கென்று இழுக்கும்; அந்த முனை காயிலில் குத்தினால் வேலை முடிந்தது. காயிலின் மேல் ஓர் அட்டைத் துண்டை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பழைய ஒயரை எடுத்த இடத்திலேயே புதிய ஒயரை வையுங்கள்: சூடான ஒயர் ஸ்விட்ச்சுக்கு, எர்த் ஒயர் வால்யூம் பாட்டின் முதுகுக்கு. எந்த நிறம் எது என்பதைத் தயாரிப்பாளரின் படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள், ஊகிக்க வேண்டாம். பாட்டின் முதுகு வெப்பத்தை உறிஞ்சும். அங்கே அயர்னைச் சில விநாடி கூடுதலாகப் பிடித்து, ஈயம் நீர்போல் பரவியதும் எடுங்கள். ஆறிய இணைப்பு மின்ன வேண்டும். மங்கி உருண்டு நின்றால் மறுபடி சூடாக்குங்கள்.

பள்ளத்துக்குள் செப்புத் தாள் ஒட்டி எர்த்தோடு இணைத்தால் "ஸ்ர்ர்" நன்கு குறையும். "ம்ம்" அதனால் போகாது. காந்தப் புலம் அந்த மெல்லிய செம்பைத் தாண்டி வந்துவிடும். தாள் ஜாக்கின் சூடான முனையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிக்கார்டை மூடும் முன் கேபிளைச் செருகி, ஸ்விட்ச்சின் ஐந்து நிலையிலும் காந்தக் குச்சிகளை ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் தட்டுங்கள். எந்த நிலையில் எந்தப் பிக்கப் "டொக்" என்கிறது என்று பார்த்தால் இணைப்பு முழுதும் தெரிந்துவிடும்.

படி 9: நேர்மையாக ஒப்பிடுங்கள்

உரக்க வருவதே நல்லது என்று காது நம்பிவிடும். அதனால் பழைய பிக்கப்பைக் கழற்றும் முன்பே, நீங்கள் அடிக்கடி வாசிக்கும் ஒரு பகுதியை அதே ஆம்ப் அமைப்பில் போனில் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். புதியதை மாட்டி, உயரம் சரிசெய்து, அதே பகுதியை அதே இடத்தில் போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து, எது எது என்று தெரியாமல் வேறொருவரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். படி 2-இல் எழுதிய அந்த ஒரு வரிக் குறை தீர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி.

தீர்ந்திருந்தால் பழைய பிக்கப்புகளை அளந்த எண்களோடு ஒரு கவரில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். தீரவில்லையென்றால் பழையதையே திரும்ப மாட்டுங்கள், புதியதை அது பொருந்தும் வேறொருவருக்குக் கொடுங்கள். செலவழித்துவிட்டோம் என்பதற்காகப் பிடிக்காத சத்தத்தோடு குடித்தனம் நடத்த வேண்டாம். அறையையும் கிடாரையும் தன் கையையும் இவ்வளவு கூர்ந்து கேட்டவர், அடுத்த முறை எந்தப் பிக்கப்பை எடுத்தாலும் காரணம் சொல்லி எடுப்பார். பெயரையும் ஓமையும் மட்டும் நம்பி வாங்குபவருக்கு அந்தக் காரணம் கிடைப்பதில்லை.